டிஸ்க் கோல்ஃப் பழகப் போகிறீர்களா? முதலில் முழங்கையைக் காப்பாற்றுங்கள்

என் வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி இருக்கிறது. மூன்று மாதம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே உயிர் போகும். துணி பிழிய முடியாது, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது, பைக்கில் ஆக்சிலேட்டரை முறுக்கினாலே பல்லைக் கடிக்க வேண்டும். காரணம் நான் ஆசையாக ஆன்லைனில் வாங்கிய முதல் டிஸ்க் கோல்ஃப் தட்டு. அதன்மேல் வேகம் 12 என்று போட்டிருந்தது. பெரிய எண் என்றால் பெரிய சரக்கு என்று நினைத்துவிட்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு மைதானத்தில் ஒரே காலையில் எழுபது எண்பது தடவை வெறி பிடித்தவன்போல் வீசினேன். தட்டு ஒருமுறைகூட நேராகப் போகவில்லை. முழங்கைதான் நேராக டாக்டரிடம் போனது.

அந்தத் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் இவ்வளவுதான்

கோல்ஃப் தெரியும் அல்லவா? பந்துக்கும் மட்டைக்கும் பதில் ஒரு தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் ஓர் இரும்புக் கூடை. தொடங்கும் இடத்திலிருந்து வீசுகிறீர்கள். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீசுகிறீர்கள். கூடையில் விழும்வரை எத்தனை வீச்சு என்பதுதான் கணக்கு, குறைவாக வீசியவர் ஜெயித்தார். கூடையிலிருந்து தூரத்தில் இருப்பவர் முதலில் வீச வேண்டும். கூடையைச் சுற்றி 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசிய பிறகு நிலை தடுமாறி முன்னால் விழக்கூடாது. நின்று, நிதானித்து, அப்புறம்தான் நகர வேண்டும். எல்லைக்கு வெளியே விழுந்தால் ஒரு வீச்சு அபராதம். ஆரம்பிக்க இது போதும்.

இந்த ஆட்டத்துக்கு ஊர் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1975-ல் அங்கே ஓக் குரோவ் என்ற பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென்றே முதல் களத்தை அமைத்தார். அடுத்த வருடம் பி.டி.ஜி.ஏ. என்ற டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவருடைய யோசனைதான். 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். காசிமேட்டில் பிறந்திருந்தால் கடலில் கரைத்திருப்பார்கள். அதே கலிபோர்னியாவுக்குப் போய்த்தான் 2024-ல் நம் வடசென்னைப் பெண் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கேரம் ஆடிய கைக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிப்பவனுக்குக் காய் விழாது என்பதை நாம் சின்ன வயதிலேயே தெருமுனையில் கற்றுக்கொண்டவர்கள்.

தட்டு வாங்குவது

பீச்சில் விற்கும் ஃப்ரிஸ்பியும் இதுவும் ஒன்றல்ல. தட்டை வைத்து இரண்டு அணி மோதும் அல்டிமேட் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் தட்டு 27 செ.மீ. அகலம், 175 கிராம், விளிம்பு உருண்டை. கோல்ஃப் தட்டு 21 செ.மீ.தான், ஆனால் விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருக்கும். 1983-ல் இன்னோவா நிறுவனம் ஈகிள் என்ற தட்டில் கொண்டுவந்த வடிவம் இது. அதனால்தான் தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் ஆள்மேல் பட்டால் மண்டையும் உடைகிறது. பறந்து வரும்போது இதைக் கையால் பிடித்து விளையாடாதீர்கள். வீசுவது மட்டும்தான்.

தட்டின் மேல் வழக்கமாக நான்கு எண்கள் இருக்கும். முதல் எண் வேகம். இங்கேதான் நான் ஏமாந்தேன். இந்தத் தட்டு இவ்வளவு வேகமாகப் போகும் என்று அதற்கு அர்த்தமில்லை. இவ்வளவு வேகமாக நீங்கள் வீசினால்தான் இது ஒழுங்காகப் பறக்கும் என்று அர்த்தம். 12 என்றால் பழகிய கை கேட்கிறது. நம் கையில் அந்த வேகம் இல்லையா, தட்டு சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து விழும். உடனே நாம் என்ன செய்வோம்? இன்னும் பலமாக இழுப்போம். முழங்கை போவது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது எண் மிதப்பு, அதாவது காற்றில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது. மூன்றாவதும் நான்காவதும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவை. வலது கைக்காரர் பின்கை வீச்சு, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வீசும் வீச்சு, வீசினால், மேலிருந்து பார்க்கும்போது தட்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகமாகப் போகும் தொடக்கத்தில் அது கொஞ்சம் வலப்பக்கம் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வுதான் மூன்றாவது எண்: -3 என்றால் நன்றாகச் சாயும், 0 என்றால் சாயாது. வேகம் குறைந்து விழப்போகும்போது இடப்பக்கம் இழுக்கும். அது நான்காவது எண். இடது கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். சாய்வு, இழுப்பு என்று நாங்கள் சொல்வது வழக்கம். மைதானத்துப் பசங்களிடம் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

புதியவருக்கு என்ன வேண்டும்? வேகம் குறைவு, மிதப்பு அதிகம், சாய்வு கொஞ்சம், இழுப்பு குறைவு. நான் சொல்வது மூன்றே தட்டு. கூடைக்குப் பக்கத்தில் போட ஒரு பட்டர்: இன்னோவாவின் அவியார் (2, 3, 0, 1) அல்லது டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் (2, 4, 0, 1). நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச்: டிஸ்கிராஃப்டின் பஸ் (5, 4, -1, 1). இரண்டு மாதம் கழித்து, கழித்துத்தான், தூரமாக வீச ஒரு ஃபேர்வே டிரைவர்: லெப்பர்ட் (6, 5, -2, 1). கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதா? பட்டர் மட்டும் வாங்குங்கள். பட்டரை நேராக வீசத் தெரிந்தவன் எதையும் வீசுவான்.

எடையையும் பாருங்கள். ஒரே தட்டு 150 கிராமிலும் வரும், 175 கிராமிலும் வரும். லேசானது மெதுவான கைக்கும் பறக்கும், மூட்டுக்கும் நல்லது. ஆனால் கடற்காற்றில் காகிதம்போல் அலையும். பட்டரை 170-ஐ ஒட்டியும், டிரைவரை 150, 160-லும் வாங்குவது நம் ஊருக்குத் தோதுப்படுகிறது. உள்ளங்கை சிறியவர்கள் விளிம்பின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். பட்டரின் விளிம்பு சுமார் ஒரு செ.மீ. இருக்கும், வேகமான டிரைவரில் இரண்டைத் தாண்டும். சின்ன கையால் அதை இறுக்கிப் பிடித்தால் முன்கை வீங்கும்.

பிளாஸ்டிக்கில் மலிவு ரகமே முதலில் போதும், கைக்குப் பிடிமானம் கிடைக்கும். மே மாதம் பைக் டிக்கியில் வைத்து மறந்துவிடாதீர்கள். அப்பளம்போல் நெளிந்துவிடும். பெரும்பாலான கோல்ஃப் தட்டுகள் தண்ணீரில் மூழ்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கே வீசுவது

வடசென்னையில் கடற்கரை இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். துறைமுகம் கட்டிய பிறகு மணல் எல்லாம் தெற்கே மெரினாவில் சேர்ந்தது, நம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் பல இடத்தில் கருங்கல் கொட்டிய கரைதான். கல் இடுக்கில் விழுந்த தட்டை எடுக்கப்போய்க் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாநகராட்சிப் பூங்காவும் சரிப்படாது. நடைப்பயிற்சிக்கு வரும் தாத்தா பாட்டிகளுக்கு நடுவே 170 கிராம் தட்டு பறப்பது நியாயமில்லை.

மிச்சம் இருப்பது விளையாட்டு மைதானம். காலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். ஆறரைக்குக் கிரிக்கெட் பசங்களும் ஃபுட்பால் பசங்களும் வந்துவிடுவார்கள், வந்தால் இடத்தை விட்டுவிட வேண்டும். வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பாலுக்கு இருக்கும் மரியாதையில் பாதிகூட நம் தட்டுக்குக் கிடைக்காது. முன்னால் ஒரு ஆள் தெரிந்தாலும் வீசாதீர்கள். தப்பாகப் போய்விட்டால் வெட்கப்படாமல் கத்துங்கள். எங்கள் கூச்சல் "தட்டு வருது!"

கூடைக்கு என்ன செய்வது? ஓக் குரோவிலேயே முதலில் கூடை கிடையாது, கம்பம்தான். நீங்களும் ஒரு விளக்குக் கம்பத்தையோ மரத்தையோ குறி வைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் பட்டால் விழுந்ததாகக் கணக்கு வையுங்கள். ஆசை இருந்தால் ஒன்று செய்துகொள்ளலாம். பழைய சின்ன சைக்கிள் ரிம் ஒன்று, அதைச் சுற்றித் தொங்கவிட பாரிமுனை இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் மெல்லிய சங்கிலி, கீழே மீன் ஏற்றும் பிளாஸ்டிக் டிரே. டிரேயின் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. வாக்கில் இருக்கட்டும், அதுதான் நிஜக் கூடையின் அளவு. தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே விழ வைப்பதுதான் சங்கிலியின் வேலை, அதனால் அது தளர்வாகத் தொங்க வேண்டும். டிரேயை நன்றாகக் கழுவுங்கள். நாங்கள் கழுவாமல் விட்ட வாரம் மைதானத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் ரசிகர்கள்.

வீச்சு

முதல் இரண்டு வாரம் ஓடி வந்து வீசாதீர்கள். நின்ற இடத்தில் இருந்தே.

பின்கை வீச்சுதான் அடிப்படை. வலது கைக்காரருக்குச் சொல்கிறேன். வலது தோள் குறியைப் பார்க்க, பக்கவாட்டில் நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக. முன்னங்கால் விரல்கள் கொஞ்சம் குறியின் பக்கம் திரும்பியிருக்கட்டும். நான்கு விரல்களும் விளிம்பின் உள்பக்கம் மடங்க, கட்டைவிரல் மேலே. பிடி எப்படி இருக்க வேண்டும் என்றால், கடையில் தக்காளி பொறுக்கும்போது பிடிப்பீர்களே, அப்படி. 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் அல்ல. கையை விட்டுத் தட்டு கிளம்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும், அது தானாகவே நடக்கும்.

இனி உடம்பு. எடையைப் பின்னங்காலுக்குக் கொண்டுபோய், இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பின்னால் திருப்புங்கள். கை அதோடு நீண்டு போகும். ஒரு நொடி உங்கள் கண் குறியை விட்டு விலகினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். பிறகு முதலில் முன்னங்கால் ஊன்ற வேண்டும், அடுத்து இடுப்பு திரும்ப வேண்டும், அதன்பின் தோள், கடைசியில்தான் கை. இந்த வரிசை மாறினால் எல்லாச் சுமையும் முழங்கைக்கு.

நான் இதைப் புரிந்துகொண்டது ஒரு கோச்சிடம் அல்ல. நண்பனின் அப்பா ஒருநாள் மைதானத்து ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூர் முகத்துவாரத்தில் வருஷக்கணக்காக வீச்சுவலை போட்டவர். பத்து வீச்சு பொறுத்தார். அப்புறம், "இன்னாபா, கைய மட்டும் ஆட்டிக்கினு கீற? இடுப்பு இன்னாத்துக்குக் கீது?" என்றார். எழுந்து வந்து, வலை இல்லாமல் வெறுங்கையால் வலை வீசிக் காட்டினார். கால் ஊன்றியது, இடுப்பு சுழன்றது, கை சும்மா பின்னால் வந்தது. "மாமா, இதேதான் மாமா!" என்று கத்திவிட்டேன். ஈரவலையைக் கையால் மட்டும் வீசினால் தோள் கழன்றுவிடும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்.

கையின் பாதைக்கு வேறோர் உதாரணம் இருக்கிறது. கடைகளில் சின்ன ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை முன்னே வர, கயிறு மார்பை ஒட்டி நேர்க்கோட்டில் வரும். தட்டும் அப்படித்தான் மார்புக்குக் குறுக்கே நேராக வர வேண்டும். பலர் மார்பைச் சுற்றி அரைவட்டமாகக் கொண்டுவருவார்கள். மேல்கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், தோள் மூட்டு நசுங்கும், தட்டும் கண்ட திசையில் போகும். மேல்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு ஃபுட்பால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அது நசுங்கக்கூடாது.

தட்டு மேலே ஏறி, நின்று, பின்னாலேயே வந்து விழுகிறதா? தட்டின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கியிருக்கிறது. செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவதுபோல் மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடியுங்கள். புதியவர்களின் தூரம் குறைவதற்குப் பலக் குறைவைவிட இந்த மூக்குதான் பெரிய காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

தட்டை விட்டபின் உடம்பை நிறுத்தாதீர்கள். முன்னங்கால் குதிகாலில் சுழன்று, உடம்பு முழுதும் குறியின் பக்கம் திரும்பட்டும். கால் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் புது ரப்பர் ஷூ போட்டு வீசினால் இது நிச்சயம். மண் தரையில் வீசுங்கள்.

முன்கை வீச்சு எல்லோருக்கும் சுலபமாகத் தோன்றும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டுத் தவளைபோல் தத்த வைத்திருக்கிறீர்களா, அதே அசைவு. இரண்டு விரல் விளிம்பின் உள்ளே, கட்டைவிரல் மேலே, முழங்கை இடுப்பை ஒட்டி, மணிக்கட்டால் ஒரு சுண்டு. ஆனால் கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து த்ரோ போட்ட பழக்கத்தில் முழுக்கையையும் போட்டு வீசுவார்கள். முழங்கையின் உட்பக்கத் தசைநாண் அதைத் தாங்காது. முதல் மாதம் முன்கை வீச்சு இருபது மீட்டருக்கு மேல் வேண்டாம். சில்லுக்குச் சுழற்சிதான் முக்கியம், பலம் அல்ல.

கூடைக்குப் போடுவதைப் பழகுவது சலிப்பான வேலை, ஆனால் ஸ்கோர் அங்கேதான் இருக்கிறது. மூன்று மீட்டரில் இருபது, ஐந்து மீட்டரில் இருபது. எடை பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு வர, விட்டபின் விரல்கள் கூடையைக் காட்டி நிற்கட்டும். இதை மொட்டை மாடியிலும் பழகலாம், சுவருக்கு முன்னால் ஒரு பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு. கைப்பிடிச் சுவர் பக்கம் பார்த்துப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவை சிரித்துக்கொண்டே தட்டைக் கொடுப்பார்.

காற்று

அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு, அதாவது மேற்கிலிருந்து லேசாகக் காற்று போகும். பகல் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். ஆடி மாதம் மேல்காற்று பலமாக இருந்தால் அது தாமதமாக வரும். எதிர்காற்றில் வீசும்போது தட்டு உண்மையில் இருப்பதைவிட வேகமாகப் போவதுபோல் நடந்துகொள்ளும். சாய்வு கூடும், வலப்பக்கம் கவிழும். அங்கே பலத்தைக் குறைத்துத் தாழ்வாக வீசுங்கள், இழுப்பு அதிகமுள்ள தட்டு இருந்தால் அதை எடுங்கள். பின்காற்றில் நேர்மாறு: மிதப்பு போய்ச் சீக்கிரம் விழும், இழுப்பு கூடும். சாயங்காலம் எண்ணூர்ப் பக்கம் கடலைப் பார்த்து வீசிப் பாருங்கள், பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டும் அநேகமாக முடிந்துவிடும்.

உடம்பு

வந்த உடனே தூரம் வீசுவதுதான் பெரிய தப்பு. ஐந்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி வேகமாக நடங்கள். கைகளைச் சுழற்றுங்கள், இடுப்பைத் திருப்புங்கள், கால்களை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிறகு கூடைக்குப் பக்கத்தில் பத்து, அரைத்தூரத்தில் பத்து, அதற்கப்புறம்தான் முழு வீச்சு. முழு வீச்சு என்பதும் உங்கள் பலத்தில் முக்கால் பங்குதான். முதல் மாதம் ஒரு நாளைக்கு முப்பதைத் தாண்ட வேண்டாம். அடுத்தடுத்த நாளும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

வலி எங்கே என்று பார்த்தால் தப்பு எங்கே என்று ஓரளவு தெரியும். முழங்கையின் வெளிப்பக்கம் என்றால் பெரும்பாலும் பின்கை வீச்சில் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். உட்பக்கம் என்றால் முன்கை வீச்சு. தோளின் முன்பக்கம் என்றால் அந்த அரைவட்டம். கீழ்முதுகு என்றால் இடுப்பு திரும்பாமல் முதுகு மட்டும் திரும்பியிருக்கிறது. மறுநாள் தசை பொதுவாகக் கனப்பது சாதாரணம். மூட்டில் ஊசி குத்துவதுபோல் ஒரே இடத்தில் வலித்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. துணியில் ஐஸ் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டு வாரம் ஆகியும் போகாவிட்டாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ, கையில் பலம் குறைந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று முறுக்குபவரிடம் அல்ல. நான் முதலில் அங்கேதான் போனேன். மூன்று மாதத்தில் ஒரு மாதம் அவர் உபயம்.

என்னைத் தேற்றியது ஒரு தண்ணீர் பாட்டில். அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க மணிக்கட்டு மட்டும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். இடது கையால் உதவி செய்து மேலே தூக்கி, வலது கையால் மட்டும் மெதுவாக, ஐந்து எண்ணும்வரை கீழே இறக்க வேண்டும். ஒருமுறைக்குப் பதினைந்து, நாளைக்கு மூன்று முறை. தோளுக்குப் பழைய சைக்கிள் டியூப்: ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் இழுப்பது. வலி இல்லாதவர்களும் இவற்றைச் செய்யலாம். வலி வருவதற்கு முன் செய்தவனை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில். தலை சுற்றினாலோ வியர்வை நின்றுபோனாலோ நிழலுக்கு ஓடுங்கள். ஐப்பசி மழையில் மைதானம் சேறாகும், ஊன்றும் கால் வழுக்கும். அந்த மாதங்களில் கூடைப் பழக்கம் மட்டும்.

எக்ஸ் ஸ்டெப் என்று ஓடிவந்து கால் மாற்றி வீசும் முறை இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து பட்டரை நாற்பது மீட்டர் நேராக, பத்தில் ஏழு முறை வீச முடிந்தால் அதற்குப் போங்கள். அந்த வேகம் 12 தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.